ஒரே மென்பொருள், சென்னைக்கு ஒரு விலை, திருகோணமலைக்கு ஒரு விலை: ஐந்து வருடப் பாவனைக்குப் பிறகு

முதலில் புள்ளி போட்டுவிடுகிறேன். வேலைக்கு ஐந்துக்கு நாலரை. விலைக்கு ஒன்று. அந்த ஒன்றும், காசு வெட்டிய மறு நிமிடமே ரசீது ஒழுங்காக மின்னஞ்சலில் வந்து சேருகிறது என்பதற்காக.

மென்பொருளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. படம் திருத்தவும் பக்கம் வடிவமைக்கவும் எங்கள் தொழிலில் முக்கால்வாசிப் பேர் வைத்திருப்பது என்றால் போதும். வாங்கியவருக்குத் தெரியும், வாங்காமல் பாவிப்பவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

திருகோணமலை மத்திய வீதியில் இருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில், தையல் கடைக்கு மேல்மாடியில் என் ஸ்டூடியோ இருக்கிறது. கல்யாணம், சாமத்திய வீடு, பாஸ்போர்ட் படம், வெள்ளைக்காரர் வரும் சீசனில் நிலாவெளி ஹோட்டல்களுக்குச் சில அறைப் படங்கள். ஆனால் மாதம் தவறாமல் சோறு போடுவது கல்வெட்டுத்தான். கோட்டை வாசலில் குளக்கோட்டன் பெயர் சொல்லும் கல்வெட்டு அல்ல. செத்தவர் வீட்டார் 31 ஆம் நாளுக்கு அடித்துக் கொடுக்கும் நினைவு மலர். தேவாரம், வாழ்க்கை வரலாறு, பேரப்பிள்ளைகளின் புலம்பல், வம்சாவளி, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். கனடாவில் இருக்கும் மகன் தன் கட்டுரையை வட்ஸ்அப்பில் வெள்ளிக்கிழமை இரவு அனுப்புவார். ஞாயிறு காலை புத்தகம் கையில் வேண்டும் என்பார்.

இந்த மென்பொருளுக்கு நாலரை கொடுத்ததற்குக் காரணம் அந்தக் கட்டுரைதான். முன்பெல்லாம் நாங்கள் பாமினியில் அடித்தோம். பாமினி என்றால் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் முகமூடி; எந்த மென்பொருளிலும் ஓடும். இப்போது எல்லாரும் போனில் யுனிகோடில், அதாவது தமிழ் எழுத்துக்கே சொந்தக் குறியீடு இருக்கும் முறையில், அடித்து அனுப்புகிறார்கள். அதை அப்படியே ஒட்டினால் கொம்பு சரியான இடத்தில் நிற்க வேண்டும். மலிவாகக் கிடைத்த வேறொரு மென்பொருளை இரண்டு மாதம் பாவித்துப் பார்த்தேன். 'பேரன்' என்று ஒட்டினேன். இரட்டைக் கொம்பு பகரத்தைத் தாண்டிப் போய் ரகரத்துக்கு முன்னால் நின்றது. 'பரேன்'. செத்த வீட்டில் கொடுக்கும் புத்தகத்தில் இப்படி ஒரு பக்கம் போனால், அந்த ஊரில் பிறகு எனக்கு வேலை கிடையாது. நான் காசு கட்டும் இந்த மென்பொருளில் ஒரு இடத்தில் ஒரு தெரிவை மாற்றிவிட்டால் தமிழ் தமிழாகவே இருக்கிறது. அதாவது, விட்டுப் போக வழியில்லை. விலை போடுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

காசு கொடுத்து வாங்கியது 2021 தையில். அதற்கு முன்பு? மறைப்பதற்கு ஒன்றுமில்லை, ஊர் முழுக்க எப்படியோ அப்படித்தான். கொம்பியூட்டர் கடையில் மெஷினைக் கொடுத்தால் விண்டோஸில் தொடங்கி எல்லாவற்றையும் போட்டு, வைரஸ் கார்ட் என்று ஒன்றையும் போட்டு மாலையில் தருவார்கள். மென்பொருளுக்குத் தனி விலை என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. 2019 இல் அப்படிப் போட்ட ஒரு பதிப்போடு ஒரு விருந்தாளியும் சேர்ந்து வந்தான். காலையில் வந்து பார்த்தால் எல்லாப் படத்தின் பெயருக்குப் பின்னாலும் புது வால். உப்புவெளிக் கல்யாணம் ஒன்றின் 1,400 படங்கள், ஒன்றுகூடத் திறக்கவில்லை. பக்கத்தில் ஒரு கடிதம்: 980 டொலர் கட்டு, 72 மணித்தியாலத்துக்குள் கட்டினால் பாதி விலை, 490 டொலர். அந்த வருடம் உலகம் முழுக்கப் பலருக்கு இதே கடிதம், இதே தொகையோடு வந்தது என்று பிறகு வாசித்தேன். கள்ளனுக்கும் இலங்கைக்கென்று தனி விலை இல்லை. கட்டவில்லை. மணமகனின் தம்பி தன் போனில் எடுத்த படங்களை வைத்து அல்பம் செய்து கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அதோடு அந்தப் பழக்கம் முடிந்தது.

சரி, இனி விலைக்கு வருவோம். மாதம் ஏறக்குறைய 20 டொலர். அதே நிறுவனம், அதே திட்டம், அதே பதிப்பு. 90 இல் படகேறிப் போன மாமாவின் மகன் சென்னை வளசரவாக்கத்தில் அச்சகம் வைத்திருக்கிறான். இதே மென்பொருளுக்கு அவன் கட்டுவது இந்திய ரூபாய் 800 சொச்சம். இன்றைய கணக்கில் எங்கள் காசு 2,800 க்குள் வரும். எனக்கு வங்கிச் செலவெல்லாம் சேர்த்து 6,500 வரை போகிறது. என் ரசீதைப் பார்த்துவிட்டு அவன் கேட்டது: "மச்சான், நீ என்ன, ரெண்டு லைசன்ஸா எடுத்திருக்கிறாய்?"

இரண்டு இல்லை, ஒன்றுதான். வளசரவாக்கத்தில் அச்சக வருமானம் என் வருமானத்தைவிடக் கூட என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதை முதலில் நான் அநியாயம் என்று மட்டும்தான் நினைத்தேன். ஒரே பொருளை ஆளுக்கு ஒரு விலையில் விற்பதா என்று கொதித்துக்கொண்டிருந்தபோது, டொரொண்டோவில் இருந்து ஒன்றுவிட்ட அண்ணா ஒருவர் குடும்பத்தோடு வந்தார். புறாமலைத் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் எனக்கு ரூபாயில் ஒரு விலை, வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரருக்கு டொலர் கணக்கில் ஒரு விலை. அண்ணா தன் முழுத் திருகோணமலைத் தமிழையும் எடுத்து விட்டார். அடையாள அட்டை கேட்டார்கள். இல்லை. வெளிநாட்டு டிக்கெட்டைத்தான் வாங்கினார். சிகிரியாவிலும் இப்படித்தான், அங்கே சார்க் நாட்டவருக்கு மற்ற வெளிநாட்டாரைவிட ஏறத்தாழ அரைவாசிதான். கடலும் பவளப்பாறையும் அவருக்கும் எனக்கும் ஒன்றுதான். நான் ஒரு நாளும் அதை அநியாயம் என்று நினைத்ததில்லை. அவர் நினைத்தார், படகு திரும்பிக் கரைக்கு வரும் வரைக்கும்.

மென்பொருளிலும் நடப்பது இதுதான். பாணுக்கு மாவின் விலை இருக்கிறது, மீனுக்கு மண்ணெண்ணெயின் விலை இருக்கிறது. அதற்குக் கீழே விற்றால் நட்டம். மென்பொருளை ஒரு தடவை எழுதி முடித்த பிறகு, இன்னொருவருக்கு இன்னொரு பிரதி கொடுக்க அவர்களுக்கு ஆகும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆகவே விலைக்கும் செலவுக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. மிஞ்சுவது ஒரே கேள்வி: இந்த ஆள் எவ்வளவு வரைக்கும் கொடுப்பான்? அமெரிக்கனிடம் 20 வாங்கலாம். சென்னைக்காரன் 20 கேட்டால் ஓடிவிடுவான், 9 கேட்டால் கொடுப்பான். 9 கிடைத்தாலும் அது முழுக்க லாபம்தான். புறாமலையில் பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார்கள், இங்கே கடனட்டை எந்த நாட்டு வங்கியுடையது, இணைய இணைப்பின் ஐபி முகவரி எங்கே, பில் முகவரி எங்கே என்று பார்க்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியென்றால் திருகோணமலைக்காரனுக்குச் சென்னைக்காரனைவிடக் குறைய அல்லவா இருக்க வேண்டும்? இங்கேதான் எனக்கு நீண்ட நாள் விளங்காமல் இருந்தது.

படிக்கிற காலத்தில் வாங்கிய புத்தகங்கள் நினைவுக்கு வந்தன. கணக்கியல், பௌதிகவியல் எல்லாம் அமெரிக்காக்காரர் எழுதிய புத்தகத்தின் இந்தியப் பதிப்பு. மெல்லிய கடதாசி, உள்ளே நிறப்படம் இல்லை. பின் அட்டையில் ஒரு வரி இருக்கும்: இந்தியா, பங்களாதேஷ், நேபாளம், பூட்டான், இலங்கை போன்ற நாடுகளில் மட்டும் விற்பனைக்கு. அந்த வரிதான் எங்களுக்கு வரம். இந்தியாவின் வாலில் எங்களையும் கட்டிவிட்டிருந்தார்கள். அந்தப் பதிப்புகள் இல்லாவிட்டால் எங்களில் பலர் போட்டோப் பிரதியில்தான் படித்திருப்போம். சரி, சிலதைப் போட்டோப் பிரதியிலும் படித்தோம்.

மலிவு விலைக்கு ஒரு பயம் எப்போதும் கூடவே வரும்: மலிவான இடத்தில் வாங்கி, விலை கூடிய இடத்தில் கொண்டுபோய் விற்றுவிடுவார்கள் என்ற பயம். புத்தகத்தில் அது நடந்தது. அமெரிக்காவில் படிக்கப் போன தாய்லாந்து மாணவன் ஒருவன், ஊரில் இருந்த உறவினர்களைக் கொண்டு இப்படியான ஆசியப் பதிப்புகளை வாங்கி அனுப்பச் செய்து, ஒன்லைனில் விற்றான். ஜோன் வைலி பதிப்பகம் வழக்குப் போட்டது. 2013 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாணவன் பக்கம் தீர்ப்புச் சொன்னது: சட்டப்படி வாங்கிய பிரதியை விற்க அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தத் தீர்ப்பை மென்பொருளில் காட்ட முடியாது. நாங்கள் மென்பொருளை வாங்குவதே இல்லை, பாவிக்கும் அனுமதியைத்தான் வாங்குகிறோம். கையில் பொருள் இல்லை, விற்க என்ன இருக்கிறது?

மலிவான நாட்டு விலையில் வெளியார் புகுந்துவிடுவார்கள் என்ற அந்தப் பயத்தால் மென்பொருளில் பூட்டும் இறுக்கம். ஸ்டூடியோவில் என்னோடு நிற்கும் தம்பி ஒருவன், அல்பம் ஏற்றுமதியாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் கேம் விளையாடுபவன், கேம் விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையின் கதையைச் சொன்னான். ஆர்ஜென்டினாவிலும் துருக்கியிலும் உள்ளூர்க் காசில் மலிவான விலை இருந்தது. அந்தக் காசுகள் விழ விழ டொலர்க் கணக்கில் இன்னும் மலிவு. உலகத்தில் உள்ளவர்களெல்லாம், இருக்கும் நாட்டை மறைத்து வேறு நாடாகக் காட்டும் விபிஎன் போட்டு ஆர்ஜென்டினாக்காரராக மாறினார்கள். 2023 கார்த்திகையில் ஸ்டீம் இரண்டு நாட்டுக்கும் உள்ளூர்க் காசை நிறுத்தி, டொலர் விலைக்கு மாற்றியது. ஏமாற்றியவன் வேறு கடைக்குப் போய்விட்டான். உண்மையான ஆர்ஜென்டினாப் பிள்ளைதான் ஒரே இரவில் பல மடங்கு விலையைப் பார்த்தான். ஆனாலும் ஸ்டீமைப் பற்றி எங்கள் தம்பிக்கு நல்ல எண்ணம். பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம், இலங்கை எல்லாவற்றையும் சேர்த்துத் தெற்காசியா என்று அவர்களிடம் ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது. டொலரில்தான், ஆனால் அமெரிக்க டொலர் விலையைவிடக் குறைய. நாங்கள் இருக்கிறோம் என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

என் மென்பொருள்காரருக்கு அது தெரியாது. அவர்களுடைய பக்கத்தில் நாட்டைத் தெரிவு செய்யும் இடத்தில் இந்தியா இருக்கிறது, ஜப்பான் இருக்கிறது, கீழே 'ஏனைய நாடுகள்' என்று ஒன்று இருக்கிறது. அந்த ஏனையவில் நான். ஏனையவுக்கு அமெரிக்க விலை. விலை குறைப்பது தானம் அல்ல, வியாபாரம் என்று அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு நாட்டுக்குத் தனி விலை போடுவதென்றால் அந்த நாட்டுக் காசில் வாங்க வழி செய்ய வேண்டும், வரிக் கணக்குப் பார்க்க வேண்டும், வெளிநாட்டுக்காரர் புகுந்துவிடாமல் காவல் போட வேண்டும். 140 கோடிப் பேருக்கு அந்தச் சிரமம் படலாம். இரண்டு கோடி சொச்சம் பேருக்கு யார் படுவார்? ஏழை நாடு என்பதற்காக விலை குறையாது. பெரிய ஏழை நாடாக இருந்தால்தான் குறையும்.

நம்பாதவருக்கு உதாரணம் சொல்கிறேன். நெட்ஃபிளிக்ஸ் 2019 இல் போனுக்கு மட்டும் என்று 199 ரூபாய்த் திட்டத்தை இந்தியாவில் இறக்கியது; 2021 மார்கழியில் அதையும் 149 ஆக்கியது. சாட்ஜிபிடி எல்லா இடத்திலும் மாதம் 20 டொலர் என்று இருந்தபோது, 2025 ஆவணியில் இந்தியாவுக்கு மட்டும் 399 ரூபாயில் கோ என்று ஒரு திட்டம் வந்தது. இலங்கைக்கு எப்போது? ஐப்பசியில், வேறு பதினைந்து ஆசிய நாடுகளோடு சேர்த்து ஒரே கட்டாக. நான் சந்தோஷமாகச் சென்னைக்குச் செய்தி அனுப்பினேன், எங்களுக்கும் வந்துவிட்டது என்று. அடுத்த மாதமே இந்தியாவில் அதை ஒரு வருடத்துக்கு இலவசமாக்கிவிட்டார்கள். மச்சான் ஒரு சிரிப்புப் படத்தை மட்டும் பதிலாக அனுப்பினான்.

பணக்கார நாட்டில் பிறந்தால் தப்பிவிடலாம் என்றும் இல்லை. சிட்னியில் சின்னம்மாவின் மகள் இருக்கிறாள், கட்டட வரைபட வேலை. அவள் சொல்லித்தான் தேடி வாசித்தேன். ஒரே மென்பொருளுக்கும் பாட்டுக்கும் ஒஸ்திரேலியர்கள் அமெரிக்கரைவிடச் சுமார் 50 சதவீதம் கூடக் கட்டுகிறார்கள் என்று சொய்ஸ் என்ற அங்குள்ள நுகர்வோர் அமைப்புக் கணக்குக் காட்டியது. மைக்ரோசொஃப்டின் ஒரு விலை கூடிய மென்பொருளை ஒஸ்திரேலியாவில் வாங்குவதைவிட, ஒருவரைச் சம்பளம் கொடுத்து அமெரிக்காவுக்கு இரண்டு தடவை அனுப்பி எடுப்பித்தாலும் மலிவு என்றும் எழுதியிருந்தார்கள். நாடாளுமன்றக் குழு 2013 பங்குனியில் ஆப்பிள், மைக்ரோசொஃப்ட், அடோபி மூன்றையும் அழைத்து வைத்துக் கேட்டது. கடை வாடகை, சம்பளம், வரி என்று காரணங்கள் வந்தன. இணையத்தில் இறக்கிக்கொள்ளும் பொருளுக்கு எந்தக் கடை, எந்த வாடகை? அழைப்பு வந்த கையோடு அடோபி தன் மாதச் சந்தா விலையை அங்கே குறைத்துவிட்டது. குறைக்க முடிந்தது என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த பகுதி.

எங்கள் நாடாளுமன்றம் யாரையும் அழைக்கும் என்று நான் காத்திருக்கவில்லை. 2022 இல் அதற்கு வேறு வேலை இருந்தது.

அந்த வருடத்தைப் பற்றி இந்த விமர்சனத்தில் எழுதாமல் விட முடியாது, ஏனென்றால் டொலரில் விலை போடுவது என்றால் என்ன என்று அப்போதுதான் கண்டேன். சந்தா எடுத்தபோது டொலர் 200 ரூபாயை ஒட்டி இருந்தது. மாதம் 4,000. 2022 பங்குனியில் ரூபாயை மிதக்க விட்டார்கள், வைகாசியில் 360 ஐத் தொட்டது. அதே 20 டொலர், இப்போது 7,200. நிறுவனம் விலையைக் கூட்டவே இல்லை, அவர்கள் மேல் ஒரு பிழையும் சொல்ல முடியாது. எனக்கு மட்டும்தான் விலை ஏறியது. அதே மாதங்களில் கல்யாணம் எல்லாம் பதிவுத் திருமணமாகச் சுருங்கியது, அல்பம் கேட்க ஆளில்லை. பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. போட முடியாத கொம்பியூட்டரில் இருந்த மென்பொருளுக்கும் முழு மாதக் காசு.

பிறகு ஒரு நாள் என் வங்கி வெளிநாட்டுக் கட்டணத்தை மறுத்துவிட்டது. நாட்டிலேயே டொலர் இல்லை, என் 20 டொலருக்கும் இல்லை. மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு மென்பொருள் பூட்டிக்கொண்டது. மேசையில் சாம்பல்தீவு ஆசிரியர் ஒருவரின் கல்வெட்டு, 46 பக்கம், பாதியில். கோப்பு என்னுடையது, எழுத்து அவர் மகளுடையது, படம் நான் எடுத்தது, திறப்பு மட்டும் வேறு யாருடையதோ. கடைசியில் டொரொண்டோ அண்ணாதான் தன் அட்டையைப் போட்டார். அட்டை கனடாவுடையது என்றதும் விலை கனடா டொலருக்கு மாறி, வரியும் சேர்ந்தது. புறாமலை டிக்கெட்டுக்கு நான் அவருக்குக் கடன்பட்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை அட்டையைப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போட்டோம். ஒரு கிழமை நன்றாக ஓடியது. பிறகு கணக்கின் நாடு வேறு, பாவிக்கும் நாடு வேறு என்று ஒரு செய்தி வந்தது, சரிசெய்யாவிட்டால் நிறுத்துவோம் என்று. நிபந்தனைகளை முழுக்க வாசித்தேன், வாழ்நாளில் முதல் தடவையாக. அவர்கள் பக்கம் சரிதான். விபிஎன் போட்டுத் தப்பலாம் என்று தம்பி சொன்னான். ஊர்ச் சனத்தின் கல்வெட்டை வைத்துக்கொண்டு அந்த விளையாட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இந்த 6,500 எப்படி வருகிறது என்றும் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தேன். 20 டொலரை இன்றைய நாணய மாற்றில் பெருக்கினால் 6,200 ஐச் சுற்றி வரும். ஆனால் வங்கி தன் அட்டை விலையில் பெருக்குகிறது, அது பத்திரிகையில் வரும் விலை அல்ல. அதன் மேல் மாற்றுக் கட்டணம், முத்திரை வரி. நல்ல காலம், நான் பார்த்த அந்த ரசீதில் வற் என்ற பெறுமதி சேர் வரி இருக்கவில்லை. 2024 தையில் இருந்து நாட்டில் வற் 18 சதவீதம். வெளிநாட்டு இணையச் சேவைகளையும் அதற்குள் கொண்டுவர 2025 இல் சட்டத்தைத் திருத்தினார்கள், ஐப்பசி என்றார்கள், பிறகு 2026 சித்திரைக்குத் தள்ளினார்கள். என் கணக்குப் புத்தகத்தில் அதற்கு அப்போதே ஒரு நிரலைப் போட்டுவைத்தேன்.

வீடியோவுக்கு மட்டும் எனக்கு விடிவு கிடைத்தது. டாவின்சி ரிசோல்வ். ஒரு காலத்தில் ஹொலிவூட் காரர் லட்சக்கணக்கான டொலர் கொடுத்து, தனி இயந்திரத்தோடு வாங்கிய, வீடியோவின் நிறம் திருத்தும் மென்பொருள். 2009 இல் பிளக்மேஜிக் என்ற ஒஸ்திரேலிய நிறுவனம் அதை வாங்கிய பிறகு இலவசப் பதிப்பு ஒன்றை வெளியிட்டது. வெட்டுவது, ஒட்டுவது, நிறம், ஒலி எல்லாம் அதிலேயே இருக்கிறது. தண்ணீர் முத்திரையும் இல்லை, நாட்கணக்கும் இல்லை. 4கே வரைக்கும் எடுக்கலாம். இல்லாதவற்றில் எனக்கு உறுத்துவது, இருட்டில் எடுத்த படத்தின் புள்ளிகளைத் துடைக்கும் வசதி. அது காசு கொடுக்கும் ஸ்டூடியோப் பதிப்பில்தான். அமெரிக்காவில் 295 டொலர், ஒரு தடவை கட்டினால் போதும், மாதச் சந்தா இல்லை. அண்ணாவுக்கு அது ஒரு நாள் சம்பளம், எனக்கு ஒரு முழுக் கல்யாணத்தின் லாபம். வாங்கவில்லை. இரவுக் கல்யாணங்களுக்கு இன்னொரு விளக்கு வாங்கினேன். இதற்குத் தாராளமாக ஐந்துக்கு ஐந்து. தமிழ்ப் பக்கம் வடிவமைக்க இப்படி யாராவது ஒன்றைச் செய்து தந்தால் நானும் தம்பியும் கோணேசர் கோயிலில் ஒரு தேங்காய் உடைப்போம்.

கடைசியாக ஒரு விஷயம், இதைப் பாவிப்பவர்களுக்கு உதவும். போன வருடம் உண்மையிலேயே வெறுத்துப்போய்ச் சந்தாவை நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். உடனே முடியவில்லை. ஏன் போகிறீர்கள் என்று ஒரு பக்கம் வந்தது. 'விலை அதிகம்' என்பதைத் தெரிவு செய்தேன். அடுத்த பக்கத்தில், இருங்கள், இரண்டு மாதம் இலவசம் என்று வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டால் வருடத்துக்கு ஆறில் ஒரு பங்கு குறைகிறது. இலங்கைக்கென்று விலை இல்லை என்று அரட்டைப் பெட்டியில் பேசிய பிள்ளை எனக்கு எத்தனை தடவை எழுதியிருப்பாள்!

திருக்கடலூர்க் கரையில் மீன் வாங்கிப் பழகியவருக்கு இது புதிது அல்ல. விலையைக் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பையைச் சுருட்டிக்கொண்டு இரண்டு அடி நடக்க வேண்டும். "அண்ண, நில்லுங்கோ" என்று குரல் வரும். எங்கள் அம்மா நாலு அடி நடப்பார். நான் போன வருடம் இரண்டு அடியில் திரும்பிவிட்டேன், கையில் அவசர வேலை இருந்தது. புதுப்பிக்கும் தேதி அடுத்த மாதம் 11. இந்த முறை கல்வெட்டு ஒன்றும் கையில் இல்லாத கிழமையாகப் பார்த்து, பொத்தானை அழுத்திவிட்டு, அந்த இரண்டு மாதப் பக்கத்தையும் தாண்டி அடுத்த பக்கத்தில் என்ன வருகிறது என்று பார்க்கப் போகிறேன்.